துத்தி மூச்சு வாங்கிய இடம்

செடிகளுக்கும் ஈக்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், நோய்களுக்கு உடல் கிடையாது. ஒவ்வொரு நோயும் வெறும் பாட்டு. பாடத் தொண்டைகூட அதற்கு இல்லை. வெள்ளை ஈ அதைச் சுமந்துவந்து செடியின் வாசலில் விடும். கதவு திறந்துவிட்டால், உள்ளே வந்த பாட்டைச் செடியே ஓயாமல் பாடியாக வேண்டும். அது செடிகளின் வழக்கம்.

ஒரு தோட்டத்தில் பருத்தியின் இலையைச் சுருட்டி வாட்டும் சுருட்டைப் பாட்டு இருந்தது. வரப்பில் நின்ற துத்திச் செடியை வாட்டும் மஞ்சள் பாட்டும் இருந்தது. நடுவே பாவாயி என்பவள் வெண்டை போட்டிருந்தாள். இரண்டு வருடம் மழை இல்லை. ஊரில் மிஞ்சிய வெண்டை விதையெல்லாம் அந்த ஒரு பாத்தியில்தான் முளைத்திருந்தது.

வெண்டையின் கதவுக்கு மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ். சுருட்டைப் பாட்டின் முதல் அடிக்கு மேல்தாழ் மட்டும் விலகும். மஞ்சள் பாட்டின் கடைசி அடிக்குக் கீழ்த்தாழ் மட்டும் விலகும். அதனால் இரண்டு பாட்டும் வாசலோடு திரும்பின. துத்தியின் கதவுக்கோ தாழே கிடையாது.

வரப்போரம் நின்ற வெண்டைச் செடி ஒரு காலையில் துத்தியிடம் சொன்னது: "அக்கா, உங்க இலையெல்லாம் மஞ்சளா கிடக்குது. சுருட்டையும் இங்கயேதான் சுத்துது. ரெண்டையும் ஒண்ணா உள்ள விட்டுராதீங்க."

"வாசல்ல வந்து நிக்கறதப் போன்னு எப்படிக் கண்ணு சொல்றது? ரெண்டு தாழ் போட்டுட்டு உனக்குப் பேசறது சுலபம்" என்றது துத்தி, பாட்டின் அடிகளுக்கு நடுவே.

வெண்டை பாவாயியிடம் முறையிட்டது. "அம்மா, அந்தத் துத்தியப் புடுங்கிருங்க. எங்க வயித்துல இருக்கறதுதான் ஊருக்கே விதை."

பாவாயி போய்த் துத்தியின் தண்டைப் பிடித்தாள். அவள் கணவன் செங்கோடனுக்கு மூலம். பத்து நாளாக நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறான். துத்தி இலைதான் மருந்து. அதையும் அன்றன்றைக்குக் கிள்ளித்தான் சமைக்க வேண்டும் என்பார்கள்.

கிணற்றடியிலிருந்து அவன் கேட்டான்: "ஏம்புள்ள, அதையா புடுங்கற? நான் ஆயுசுக்கும் நின்னுட்டே இருக்கறதா?"

"நின்னா நல்லதுதானுங்க. காவலுக்கு ஒரு ஆளாச்சு."

ஆனால் கையை எடுத்துவிட்டாள். வெண்டையிடம், "மூணு நாள் பொறு சாமி. இவரு உக்காந்ததும் புடுங்கிர்றேன்" என்றாள்.

இரண்டாம் நாள் வெள்ளை ஈ சுருட்டைப் பாட்டோடு துத்தியில் இறங்கியது. உள்ளே ஏற்கெனவே மஞ்சள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துத்தி இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடியது. இலை கிள்ளிக் கிள்ளி இளைத்துப்போன செடி. சுருட்டைப் பாட்டின் பாதியில் மூச்சு வாங்கி நின்றது. மறுபடி தொடங்கியபோது மஞ்சள் பாட்டின் பிற்பாதியைத் தொடர்ந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. பாட்டு மாறிவிட்டது என்றுகூட அதற்குத் தெரியாது.

தலை ஒன்றும் வால் ஒன்றுமான அந்தப் பாட்டை ஈ வெண்டைக்குக் கொண்டுபோனது. முதல் அடிக்கு மேல்தாழ் விலகியது. கடைசி அடிக்குக் கீழ்த்தாழ் விலகியது. ஈ செடி செடியாகத் தாவியது.

மூன்றாம் நாள் செங்கோடன் உட்கார்ந்து சாப்பிட்டான். பாவாயி சொன்னபடியே துத்தியை வேரோடு பிடுங்கிக்கொண்டு பாத்திக்கு வந்தாள். வெண்டை இலைகளின் நரம்பெல்லாம் வலை விரித்ததுபோல மஞ்சள் ஓடியிருந்தது. பிஞ்சுகள் வெளுத்திருந்தன.

"மூணே நாள்தானே கேட்டேன்" என்றாள்.

வெண்டை மூச்சுவிடாமல் பாடிக்கொண்டிருந்தது. பாடும் வாய்க்குப் பேச இடமில்லை.

பாத்தியின் கோடியில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்றது. "என் கீழ்த்தாழ் பிறவியிலேயே கோணல்மா" என்றது கூச்சத்தோடு. "எல்லாரும் சிரிப்பாங்க. அது மட்டும் திறக்கல."

பாவாயி அதன் காய்களை நெற்றாக முற்ற விட்டு, ஊருக்கு விதை கொடுத்தாள்.

அந்த மூன்றாம் நாளிலிருந்துதான் வெண்டை போடுகிறவர்கள் பாத்திக்கு முன்னால் வரப்பைப் பார்க்கிறார்கள். நரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டால் ஒன்றும் கேட்பதில்லை, நாளும் தள்ளுவதில்லை; அப்போதே பிடுங்கிவிடுகிறார்கள்.