லக்கி லூசர்

யோரிஸ் மாஸ்டர் தெருநாயைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஹாலந்துக்காரர். பதின்மூன்று வருஷம் நாடு நாடாகப் போய் டென்னிஸ் ஆடிவிட்டு, பொள்ளாச்சிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, கோயமுத்தூருக்கு மேற்கே தொண்டாமுத்தூர் சாலையில் இரண்டு செம்மண் கோர்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார். தமிழ் கற்றுக்கொடுத்தது மாமியார். அந்த அம்மாள் மாப்பிள்ளையிடம் மரியாதை குறையாமல் பேசிப் பேசி, மரியாதை இல்லாத தமிழ் என்று ஒன்று இருப்பதே மாஸ்டருக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வரும் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. நாச்சிமுத்து மோட்டார் பம்பு பட்டறை முதலாளி. பட்டறையில் எல்லாரையும் விரட்டுகிறவர், கோர்ட்டுக்குள் வந்துவிட்டால் கைகட்டி நிற்பார். அவர் ‘மாஸ்டர்’ என்பார். மாஸ்டர் அவரை ‘அண்ணா’ என்பார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவது உண்டு.

அன்று சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு நாச்சிமுத்து வந்தபோது அவர் முகமே சரியில்லை. மாஸ்டர் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், கிளப்புல இருந்து போன் வந்துச்சு.”

“சொல்லுங்ணா.”

“மெயின் டிராவுல ஒருத்தருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம். அந்த இடத்தை எனக்குத் தர்றாங்களாம். பதினோரு மணிக்குள்ள ரெஃப்ரீ டேபிள் முன்னாடி தயாரா நிக்கோணும். இல்லீன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிருமாம்.”

“நல்லதுங்ணா.”

“என்ன நல்லது? நேத்துத்தான் தகுதிச் சுற்றுல தோத்துட்டு வந்தேன்.”

ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டி அது. தகுதிச் சுற்றில் ஜெயித்தால்தான் மெயின் டிரா என்கிற முக்கியச் சுற்றுக்குள்ளே போகலாம். ஆனால் உள்ளே இருக்கிற யாராவது கடைசி நேரத்தில் விலகிவிட்டால், தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும், ரயிலில் ஆர்.ஏ.சி. போல. அப்படி நுழைகிறவருக்கு டென்னிஸில் லக்கி லூசர் என்று பெயர். நாச்சிமுத்துவின் மனைவி சிவகாமி காதில் அது லக்கி லூசு என்று விழுந்திருக்கிறது. “லக்கியோ என்னமோ, இன்னொண்ணு சரியாத்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சமையலறைக்குப் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. எதிரில் ஆடப்போகிறவர் ரகோத்தமன். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், கல்லூரிகளுக்கு இடையே நடந்த இறுதி ஆட்டத்தில், இதே ரகோத்தமனிடம் முதல் செட்டை எடுத்துவிட்டு, இரண்டாவது செட்டில் தொடை பிடித்துக்கொண்டு, ஆட்டத்தைப் பாதியிலேயே விட்டு, கைகொடுத்துவிட்டு வந்தவர் நாச்சிமுத்து. முழுசாக ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. குளிக்கும்போது ஞாபகம் வரும். லேத் மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஞாபகம் வரும். ரகோத்தமன் அடுத்த மாதம் கனடாவில் இருக்கும் மகளோடு போய்த் தங்கிவிடப் போகிறார். இனி ஒரு சந்தர்ப்பம் கிடையாது. இந்தப் போட்டிக்கு நாச்சிமுத்து பெயர் கொடுத்ததே அதற்காகத்தான்.

“அவன்கூட ஆடோணும் மாஸ்டர். அந்த ஆசை எனக்கு இருக்குது. ஆனா இப்படிப் போயா ஆடறது? பின்வாசல்ல நுழைஞ்ச மாதிரி இருக்குது.”

மாஸ்டர் குழாயை மூடினார்.

“நீங்களும் ஒருக்கா இப்படித்தான் உள்ள போனீங்கன்னு சொல்லியிருக்கீங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொன்னதில்லை. உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?”

மாஸ்டர் வேலியோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினார்.

“உக்காருங்ணா.”

நாச்சிமுத்து உட்கார்ந்தார். மாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈர மண்ணில் ஒரு மைனா இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடுவரை நடந்து போனது.

“என்ன பண்ணோணும் மாஸ்டர்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாமுங்ணா. சும்மா உக்காருங்க.”

பட்டறைக்காரருக்குச் சும்மா உட்காருவதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. காலை மாற்றிப் போட்டார். கழுத்தைச் சொறிந்தார். மைனா திரும்பி வருகிறதா என்று பார்த்தார். அது வரவில்லை.

“ஆறு தடவைங்ணா” என்றார் மாஸ்டர்.

“எது?”

“வாட்சைப் பாத்தது.”

நாச்சிமுத்து இடது கையை மடிக்குள் மறைத்துக்கொண்டார்.

“அங்கயும் ஒரு பெஞ்சு இருந்துச்சுங்ணா” என்று மாஸ்டர் ஆரம்பித்தார். “பிரான்ஸ்ல ஒரு சின்ன ஊரு. எனக்கு இருபத்தி நாலு வயசு. தகுதிச் சுற்று கடைசி ஆட்டத்துல தோத்துட்டேன். ஆறு பூஜ்யம், ஆறு ஒண்ணு. அந்த ஒண்ணும் எதிர்ல ஆடுனவராப் பாத்துக் குடுத்தது.”

“அப்புறம்?”

“லிஸ்ட்ல ரெண்டாவது பேரு என்னோடது. ரெஃப்ரீ ரூம் வாசல்லயே உக்காந்துட்டேன். ரெண்டு நாளு. போறவங்க வர்றவங்க காலையெல்லாம் பாத்துட்டே இருப்பேன், யாராச்சும் நொண்டுறாங்களான்னு.”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாய்க்கு மரியாதை கொடுக்கிற மனிதர், அடுத்தவன் எப்போது நொண்டுவான் என்று காத்துக் கிடந்திருக்கிறார்.

“நொண்டுனாங்களா?”

“இல்லீங்ணா. ஸ்பெயின்காரர் ஒருத்தருக்கு வயித்தால போச்சு.”

“லிஸ்ட்ல உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரல்ல?”

“இருந்தாரு. என்னைவிட நல்லா ஆடுறவரு. இப்படி உக்காந்திருக்க வெக்கமா இருக்குதுன்னு மொத நாளே ரயிலேறிட்டாரு.”

“அதைத்தான் கேக்கறேன். உங்களுக்கு இல்லீங்களா?”

“எனக்கும் இருந்துச்சுங்ணா. அது பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருந்துச்சு.”

நாச்சிமுத்து பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

“உள்ள போயி என்ன ஆச்சு?”

“நாலு ஆட்டம் ஜெயிச்சேனுங்ணா.”

நாலு இட்லி சாப்பிட்டேன் என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். மாஸ்டர் உலகத் தரவரிசையில் ஏறிய உச்சம் தொண்ணூற்று ஏழு. பெரும்பாலான வாரங்களில் திங்கட்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை மூட்டை கட்டியவர். அந்தக் கதைகளையும் அவர் சந்தோஷமாகத்தான் சொல்வார். நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததாக அவர் சொல்லி நாச்சிமுத்து கேட்டதே இல்லை.

மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. கிளப்புக்குப் போக முக்கால் மணி நேரம் பிடிக்கும். நாச்சிமுத்து எழுந்து ராக்கெட் பையைத் தோளில் மாட்டினார். கேட் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“மாஸ்டர், அவன்கிட்டயும் தோத்துட்டா? நேத்து ஒருக்காத் தோத்தாச்சு. இன்னைக்கும் தோத்தா ஊரே சிரிக்கும். ஒரே டோர்னமென்டுல ரெண்டு தடவை எவனாச்சும் தோப்பானா?”

மாஸ்டர் குனிந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

“நான் தோத்திருக்கேனுங்ணா. அஞ்சாவது ஆட்டம், ஃபைனல்ல. அந்த வாரம் அங்க வந்தவங்கள்ல ரெண்டு தடவை தோத்தது நான் ஒருத்தன்தான். என் வாழ்க்கையிலயே நல்ல வாரம் அதுதானுங்ணா.”