செம்பருத்தி மேல் ஒரு சாக்குத் துண்டு

“மாஸ்டர், இவ இருந்தா நான் இல்லீங்க. நான் இருந்தா இவ இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லிப்போடுங்க.”

நாச்சம்மாள் படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. வந்ததும் வராததுமாக, கையிலிருந்த துணியை மேஜை மேல் விசிறி எறிந்தாள்.

ஜீனத் மாஸ்டர் நிமிரவில்லை. ஊசியில் நூலைக் கோத்தாள். நுனியில் முடிச்சுப் போட்டாள். பிறகுதான் ஏறிட்டுப் பார்த்தாள்.

“செருப்பு,” என்றாள்.

நாச்சம்மாள் திரும்பிப் போய்ச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். கோபத்தைக் கழற்றவில்லை.

இடம் கரூர். தையல் மிஷின் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி. ஜீனத்துக்கு முப்பத்து நாலு வயது. துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பத்து வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவள், அதனால் எல்லோருக்கும் மாஸ்டர். நாச்சம்மாளுக்கு ஐம்பத்தைந்து. சிஷ்யைக்குக் குருவைவிட இருபத்தொரு வயது கூடவா என்று வாயைப் பிளக்காதீர்கள். தெரியாதவள் தெரிந்தவளிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இப்பவே சொல்லிவிடுகிறேன். அங்கே ஜாக்கெட் தைத்துத் தரமாட்டார்கள். வெட்டி மிச்சமான துணி, நூல், சாக்கு, தேங்காய் நார், பழைய கல்யாணப் பத்திரிகை, கசங்கின பஸ் டிக்கெட், இதையெல்லாம் காடாத் துணி மேல் ஒட்டியும் தைத்தும் படம் ஆக்குவார்கள். அதற்குப் படத்துணி என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஐந்து சிநேகிதிகள். ஆளுக்கு ஒரு படத்துணியை ஆரம்பிப்பாள். சனிக்கிழமை வந்தால் அதைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் ஒரு வாரம் வைத்துத் தன் கைவேலையைச் சேர்த்து அடுத்தவளிடம் தருவாள். சுற்றி முடிந்ததும் ஆரம்பித்தவளிடமே திரும்பி வரும்.

இதற்கு மாஸ்டர் போட்ட சட்டம் ரெண்டே ரெண்டு.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கக் கூடாது. இதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லவும் கூடாது.

அடுத்தவள் தையலைப் பிரிக்கவே கூடாது.

நாச்சம்மாளின் படத்துணி கடைசியாகப் போய்ச் சேர்ந்தது தெய்வானையிடம். தெய்வானை அவளுக்கு முப்பது வருஷமாகப் பக்கத்து வீடு. நேற்றுச் சாயங்காலம் துணியை ஒரு பையில் போட்டு நாச்சம்மாள் வீட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

நாச்சம்மாள் ராத்திரி சோறு தின்னவில்லை.

“பாருங்க மாஸ்டர்! என் செம்பருத்தியப் பாருங்க. மூணு நாள் உக்காந்து வெட்டின இதழுங்க. அதும் மேல சாக்க வெச்சுத் தெச்சிருக்கா. பாதிப் பூவக் காணோம்! இது படமா, பருத்திக்கொட்டை மூட்டையா?”

பொய் சொல்லவில்லை. வெள்ளைத் துணி நடுவில் சிவப்புச் செம்பருத்தி. அதன் கீழ்ப் பாதியை ஒரு சாக்குத் துண்டு மூடியிருந்தது. பழுப்பாக, கோணலாக, ரெண்டு கை அகலத்துக்கு.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. இருவது பொம்பளைங்க புதுசா கத்துக்க வாராங்க. இதத்தான் காட்டிச் சொல்லித் தரணும்னீங்க. என்னையும் இவளையும்தான் நிக்கச் சொன்னீங்க. இதத் தூக்கிக் காட்டுனா காறித் துப்ப மாட்டாங்களா?”

அங்கேதான் வலி. நாச்சம்மாள் எட்டாவதோடு நின்றவள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாளைக்கு இருபது பேர் அவளை டீச்சர் என்று கூப்பிடப் போகிறார்கள். அதற்காகப் புதுச் சேலை எடுத்திருந்தாள். நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று, ‘எல்லாரும் ஊசியை எடுத்துக்குங்க’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வானை அதே அறையில்தான் இருந்தாள். மூலையில் உட்கார்ந்து பாசிமணியை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கல்லுளிமங்கியாட்டம் உக்காந்திருக்கறதப் பாருங்க. ஏம் புள்ள, வாயில என்ன கொழுக்கட்டையா?”

தெய்வானை இன்னொரு மணியை எடுத்து அதன் நிறத்தோடு சேர்த்தாள்.

“ஆத்திரக்காரிக்குப் புத்தி…” என்று அங்கேயிருந்த மற்ற மூன்று பேரில் ஒருத்தி ஆரம்பித்தாள்.

“நீ உன் சோலியப் பாரு,” என்று நாச்சம்மாள் சீறினாள். அவள் வாயை மூடிக்கொண்டாள். பழமொழி சொல்ல நல்ல நேரம் பார்த்தாள் போங்கள்.

“பொறாமைங்க மாஸ்டர், வேறென்ன? என் பேர முதல்ல சொல்லிட்டீங்கன்னு இவளுக்கு வயித்தெரிச்சல். முப்பது வருசம் என் வீட்டுக் கொழம்புக் கிண்ணத்தத் தூக்கிட்டுப் போனவ, இன்னைக்கு என் பூவ மூடறா.”

தெய்வானையின் விரல் நின்றது. ஒரு மணி உருண்டு போய்த் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஜீனத் மாஸ்டர் படத்துணியைக் கையில் எடுத்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் திருப்பி மேஜை மேல் விரித்தாள்.

“உங்களுக்கு என்ன வேணுங்க்கா?”

“இந்தச் சாக்கப் பிரிச்சு எறியணும். இவ நாளைக்கு வரக் கூடாது.”

மற்ற மூன்று பேரும் திக்கென்று நிமிர்ந்தார்கள். பிரிக்கிறதா? அந்த அறையில் அதுவரை யாரும் யார் தையலையும் பிரித்ததில்லை.

“சரி,” என்றாள் மாஸ்டர்.

“மாஸ்டர், நம்ம சட்டம்?” என்றாள் ஒருத்தி.

“சட்டம் நான் போட்டது.”

மேஜை டிராயரைத் திறந்து நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து நாச்சம்மாள் முன்னால் வைத்தாள்.

“இங்கயே உக்காந்து பிரிங்க. ஒவ்வொரு தையலா. துணி கிழியக் கூடாது. முழுசும் பிரிச்சு முடிச்சா நாளைக்கு கிளாஸ் உங்களுக்கு மட்டும்.”

நாச்சம்மாளுக்கு இது போதும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் தையலை வெட்டினாள். “இது என் கொழம்புக்கு.”

ரெண்டாவதை வெட்டினாள். “இது போன தீவாளிக்கு உனக்குச் சுட்டுக் குடுத்த முறுக்குக்கு.”

பத்துத் தையலுக்கு மேல் திட்டுவதற்குச் சாமான் தீர்ந்துவிட்டது. தையல் தீரவில்லை. எள்ளுப் போலச் சின்னச் சின்னத் தையல், ரெட்டை நூல், நெருக்கமாகப் போட்டிருந்தாள் பாவி. ஒரு சாக்குத் துண்டைத் தைக்க எவளாவது இப்படி உயிரைக் கொடுப்பாளா? ஓரத்தை உள்ளே மடித்து, பிசிறு வெளியே தெரியாமல், மூலைக்கு மூலை அழுத்தி எடுத்திருந்தாள். நாச்சம்மாளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கெடுக்கிறதையும் இத்தனை அழகாகக் கெடுப்பாளா ஒருத்தி?

டீ வந்தது. நாச்சம்மாள் டம்ளரில் ஆடை படிந்தது. அவள் தொடவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கண் எரிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசித் தையலை வெட்டிவிட்டு, “ஒழிஞ்சது சனியன்,” என்று சாக்கைப் பிடித்துத் தூக்கினாள்.

தூக்கின கை அப்படியே நின்றது.

செம்பருத்தியின் கீழ்ப் பாதி சாயம் இறங்கிக் கிடந்தது. சிவப்பு, அடியிலிருந்த வெள்ளைத் துணியில் வழிந்து பரவியிருந்தது. வெற்றிலை எச்சிலைத் துப்பின மாதிரி அசிங்கமான கறை. அதைப் போக்க எலுமிச்சம்பழம் தேய்த்த தடமும் இருந்தது. தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் துணியே நைந்து போயிருந்தது.

அந்த ஐந்து பேரில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். புதுச் சிவப்புத் துணியைக் காடாத் துணி மேல் வைக்கும் முன்னால் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று தடவை அலச வேண்டும். அலசாவிட்டால், ஈரம் பட்ட அன்றைக்கு அது வேலையைக் காட்டும். மாஸ்டர் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லித் தருகிற பாடம் அது. மற்ற மூன்று பேரும் அந்தத் துணியில் நூல் வேலைதான் செய்தார்கள். ஈர மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினவள் தெய்வானை ஒருத்திதான்.

ஆனால் சிவப்பு யாருடையது?

‘சிவப்பு அலசியாச்சாங்க்கா?’ என்று ஐந்து வாரத்துக்கு முன்னால் மாஸ்டர் கேட்டாள். ‘ஆச்சுங்க மாஸ்டர், மூணு தண்ணி,’ என்றாள் நாச்சம்மாள். ஒரு தண்ணியும் இல்லை. அன்றைக்கு அவசரம். விலை கூடின துணி, இதெல்லாமா சாயம் போகும் என்று நினைத்தாள். பொய்யை அன்றைக்கே மறந்தும் போனாள்.

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. அவமானம் வந்தால் அழுகிற ஜாதி இல்லை நாச்சம்மாள். அவளுக்குக் கோபம்தான் வரும்.

“ஏண்டி, சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? இப்படி நாலு பேரு முன்னால என் மானத்த வாங்கறதுக்குத்தான் மூடி வெச்சியா?”

தெய்வானை பாசிமணி டப்பாவை மூடினாள். எழுந்தாள். மேஜை மேல் கிடந்த வெட்டுப்பட்ட நூல் குவியலை ஒரு தடவை பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

முப்பது வருஷத்தில் நாச்சம்மாளை விட்டுவிட்டு அவள் தனியாக வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

நாச்சம்மாள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“துணியத் திருப்பிப் பாத்தேன். பின்னால கறை தெரிஞ்சுது. நீங்க திருப்பிப் பாக்கலையா?”

நாச்சம்மாள் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தவள், ஒரு தடவைகூடத் திருப்பவில்லை.

“தெரிஞ்சுமா பிரிக்க விட்டீங்க? உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா?”

“கிளாஸ் உங்களுக்குத்தான். சொன்னது சொன்னதுதான். காலைல பத்து மணி.”

“இத வெச்சுட்டு நான் என்னத்தச் சொல்லித் தர்றது?”

மாஸ்டர் மேஜை மேல் கிடந்த சாக்குத் துண்டை எடுத்தாள். ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டினாள். நாச்சம்மாள் கையில் வைத்தாள்.

“நாலரை பஸ் இன்னும் போயிருக்காது,” என்றாள். பிறகு தன் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

நாச்சம்மாள் ஓடினாள். ஐம்பத்தைந்து வயதில், சேலை தடுக்க, நடுரோட்டில் ஓடினாள். பைக்கில் வந்த ஒருத்தன் வைதான். பதிலுக்கு வையக்கூட நிற்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தத்தில் சிமெண்டு பெஞ்சில் தெய்வானை உட்கார்ந்திருந்தாள்.

“தெய்வான.”

தெய்வானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தப்புத்தான் புள்ள. பொறாமைன்னு சொன்னனே, என் நாக்கு அழுகிப் போக.”

தெய்வானை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொழம்புக் கிண்ணத்தச் சொல்லியிருக்கக் கூடாது. அதும் தப்புத்தான். ஏதாச்சும் பேசேன். ரெண்டு வார்த்தை திட்டியாச்சும் விடேன்.”

நாச்சம்மாளுக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. குணம் எங்கே போகும்? “நானே ஓடியாந்து கேக்கறேன், இன்னும் என்னடி உனக்குக் கோவம்?”

அப்போதுதான் தெய்வானை திரும்பினாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நாச்சம்மாள் பார்த்ததே இல்லை.

“முப்பது வருசமா நீதான் கோவப்பட்டுட்டு இருக்கே. மாமியா மேல கோவம். மருமவ மேல கோவம். கரண்டாபீசுக்காரன் மேல கோவம். பருப்பு வேகலீன்னா பருப்பு மேல கோவம். அத்தனைக்கும் நான் பக்கத்துல உக்காந்து உம் கொட்டிட்டு இருந்தேன்.”

நாலரை பஸ் வந்து நின்றது. ரெண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் இவர்களைப் பார்த்தான். இவர்கள் அவனைப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

“இன்னைக்கு என் முறை,” என்றாள் தெய்வானை. “உக்காரு.”

நாச்சம்மாள் உட்கார்ந்தாள்.

“நாலு நாள், நாச்சி. நாலு நாள் அந்தக் கறையத் தேச்சேன். விரல் தோலு போச்சு. சட்டத்துக்காக மட்டும் நான் வாய மூடல. சொன்னா நீ அந்தத் துணியக் கிழிச்சு எறிஞ்சிருப்பே. நாளைக்கு அந்த இருவது பேருக்கு முன்னால நிக்கவே மாட்டேன்னு வீட்ல படுத்திருப்பே. உன் லட்சணம் எனக்குத் தெரியாதா?”

நாச்சம்மாள் வாயைத் திறந்தாள்.

“பேசாத. நான் இன்னும் முடிக்கல. நாளைக்குக் காலைல சிவப்பு அலசறத நான்தான் சொல்லித் தரப் போறேன். மொதப் பாடமே அதுதான். நீ கொழாயில இருந்து மூணு பக்கெட் தண்ணி தூக்கிட்டு வரே. கறத் துணியத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறே. இது யாரு பண்ணதுன்னு கேட்டா, கைய ஒசத்தறே.”

“உம்,” என்றாள் நாச்சம்மாள்.