தலைவன் இல்லாத தீவு

மழை கொட்டுவதுபோல் சடசடவென்று ஒரு சத்தம். பெருக்கிக்கொண்டிருந்த சவரிமுத்து திரும்பினார். பொம்மைக்கடை மேனேஜர் கோதண்டம் ஒரு வாளி பிளாஸ்டிக் கட்டைகளைத் தரையில் கவிழ்த்திருந்தார்.

“கீழ கிடக்கிற கட்டையைப் பொறுக்கி வீடு கட்டி விளையாடுதீரே, இதுல கடல்கொள்ளையர் தீவு ஒண்ணு கட்டும்வே. சாயங்காலம் முதலாளியம்மா வாராவ. கொள்ளையர் தலைவன் பொம்மையைக் காணல. ராத்திரி கடையில தனியாப் படுக்கிறது நீருதான். தீவுல தலைவன் நிக்கலேன்னா மூட்டையைக் கட்டும்.”

மூட்டையைக் கட்டினால் போய்ச்சேர சவரிமுத்துவுக்கு வேறு இடமில்லை. கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். நீலக் கட்டைகள் கடலாயின, மஞ்சள் மணலாயிற்று, பழுப்பில் ஒரு தென்னை வளைந்தது. அதனடியில் புதையல் பெட்டி. எல்லாவற்றையும் கண்ணாடிக் கூண்டில் வைத்துச் சாத்தினார். கூண்டு தானாகப் பூட்டிக்கொண்டது.

சாயங்காலம் வந்த முதலாளியம்மா கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். “அழகா இருக்கு. தலைவனை எங்க?”

“வெளிய நிக்காரும்மா. கூண்டைத் திறந்தா வந்துருவாரு.”

“கேட்டீங்களா கதையை! திருடிட்டுப் பேசுத பேச்சப் பாருங்க. இந்தா திறக்கேன், வரட்டும்!” சிரித்த வேகத்தில் கோதண்டம் சாவிக்கொத்தை உருவினார். கொத்தின் நுனியில், ஒற்றைக்கண் கட்டோடு தலைவன் ஊசலாடினான்.

“காலையில ஷட்டர் திறக்கையிலயே பாத்தேம்மா,” என்றார் சவரிமுத்து.

முதலாளியம்மா அவனைக் கழற்றித் தென்னையடியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினார். கோதண்டம் சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார். ஷட்டர் இறங்கியது.

தீவில் அவன் மட்டும். கடையில் இவர் மட்டும்.

“உமக்காவது சுத்திக் கடல் கிடக்குவே,” என்று அவனிடம் சொல்லிவிட்டு, சவரிமுத்து விளக்குமாற்றை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினார்.