வரியை யார் பிடிப்பது?

மந்தாரப்பட்டியில் சுமைதூக்கிகள் நால்வர் இருந்தார்கள்: சடையன், கூத்தப்பன், இருளாண்டி, சின்னவெள்ளை. மூட்டை தூக்குவதில் அவர்களுக்கு நிகர் இல்லை. எங்கே இறக்குவது என்று யோசிப்பதில்தான் கொஞ்சம் தாமதம்.

மூத்தவர் சடையனுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. இனி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். வயதான காலத்துக்கென்று நால்வரும் அரண்மனைக் களஞ்சியத்தில் போட்டுவைத்த நெல் பத்து மூட்டை இருந்தது. அங்கே போடும்போது வரி இல்லை. எடுக்கும்போது ஐந்துக்கு ஒன்று வரி. அந்த வருஷம் ராஜா புதுக் களஞ்சியம் ஒன்று கட்டினார். நெல்லை அதற்கு மாற்றும்போதே வரியைத் தீர்த்துவிட்டால், பிறகு எடுக்கும்போது ஒரு மணி நெல்கூட வரி கிடையாது.

"மாத்திடுவோம்," என்றார் சடையன்.

களஞ்சியத்துக் கணக்குப்பிள்ளை பொறுமைசாலி. "வரி இரண்டு மூட்டை. இந்தப் பத்திலேயே பிடித்துக்கொள்ளட்டுமா? அப்படியென்றால் எட்டுதான் போய்ச் சேரும். பிடித்தம் வேண்டாம் என்றால் பத்தும் போகும், வரியை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும்," என்றார்.

நால்வரும் வாசலுக்கு வந்து ஆலோசித்தார்கள்.

"அவரு பிடிச்சா ரெண்டு குறையுது. பிடிக்கலேன்னா குறையல," என்றான் கூத்தப்பன்.

"அப்போ நாமளும் பிடிக்கக் கூடாது," என்றான் இருளாண்டி.

"நாம பிடிச்சா என்னடா?" என்று கேட்டான் கூத்தப்பன்.

"யார் பிடிச்சாலும் பிடித்தம் பிடித்தம்தானே?"

எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. "பிடித்தம் வேண்டாங்க," என்று உள்ளே சொல்லிவிட்டு, சடையன் பின்னால் நொண்டி வர, மற்ற மூவரும் மூட்டைகளைத் தலையில் ஏற்றி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடந்தார்கள். சின்னவெள்ளையின் மூட்டை படியில் விழுந்து வெடித்தது. குருவிகள் வந்து இறங்கின.

"என் கஞ்சிடா அது!" என்று சடையன் அலறினார். "பிடிச்சுத் தொலைங்கடா!"

"பிடிச்சா ரெண்டு போயிருமேண்ணே. இப்போ ஒண்ணுதானே போச்சு?" என்றான் சின்னவெள்ளை.

சடையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்று லாபம். "சரி, நடங்கடா," என்றார்.

மீதி ஒன்பதும் எப்படியோ புதுக் களஞ்சியம் சேர்ந்தன. அடுத்து வரி கட்ட வேண்டும். வீட்டிலிருந்த இரண்டு மூட்டைகளுக்கும் இரண்டிரண்டு கயிறு போட்டு, மறுமுனைகளைத் தங்கள் மணிக்கட்டில் இறுக முடிந்து, தெரு நெடுக இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"கையிலிருந்து கட்டியாச்சுங்க."

கணக்குப்பிள்ளை மூட்டைகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "சரி, கயிற்றை அவிழுங்கள்."

நால்வரும் பின்வாங்கினார்கள். "அவிழ்த்துட்டா கட்டினது எப்படிங்க செல்லும்?"

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்தது. உள்ளே வரியில்லாத நெல் இருக்கிறது. எடுக்கச் சடையனுக்குக் கை இல்லை. பசியில் அவர் கண் கலங்கியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கணக்குப்பிள்ளை, "போதும்! நானே பிடித்துக்கொள்கிறேன், கொடுங்கள்," என்றார்.

"அவரு பிடிச்சா ரெண்டு குறையுமே?" என்றான் சின்னவெள்ளை.

"இது அந்த ரெண்டுதாண்டா!" என்றார் சடையன்.

நாலு கயிறும் கணக்குப்பிள்ளையின் வலது கைக்குப் போயின. சடையன் ஒரு மூட்டை நெல் எடுத்தார். வரி கேட்பார் யாரும் இல்லை. கஞ்சி காய்ச்சி வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார். கணக்குப்பிள்ளை கயிற்றைக் கீழே வைக்கப் போனார்.

"விட்டுராதீங்க சாமி! நீங்க விட்டா, வரி பாக்கின்னு எங்களைத்தான் பிடிப்பாங்க," என்று நால்வரும் பதறினார்கள்.

"கை வலிக்கிறதப்பா. இடது கைக்காவது மாற்றிக்கொள்ளட்டுமா?"

நால்வரும் ஒதுங்கிப்போய் நெடுநேரம் ஆலோசித்தார்கள். சடையன்தான் திரும்பி வந்தார், மிகுந்த வருத்தத்தோடு.

"தாராளமா மாத்துங்க. ஆனா மாத்தினா, அதுக்குத் தனியா வரி உண்டே!"