ஒற்றைக் கோபுரம்

பதினோராயிரம் படங்களைக் கொடுத்தும் கணினி ஒரே ஒரு கோபுரத்தைத்தான் கட்டியது. ஊரில் இருந்தவை இரண்டு.

கோயிலின் கிழக்கு வாசல் கோபுரமும் மேற்கு வாசல் கோபுரமும் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் மேற்குக் கோபுரம் சரிந்துவிட்டது. வந்தவர் போனவர் இணையத்தில் போட்டுவைத்த படங்களையெல்லாம் சேர்த்து, விழுந்ததை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கிற மாதிரி கணினியில் எழுப்ப வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் ஸ்தபதி மறுபடி கட்டுவார். வெள்ளிக்கிழமை வருகிறார்.

வேலை தளவாயுடையது. ஐம்பத்தாறு வயதில் போட்டோ ஸ்டுடியோவை மூடிவிட்டு இதைக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுக்கிற செங்கமலத்துக்கு முப்பது.

“ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துட்டுது டீச்சர். எப்படியும் ஒரே மாதிரிதானே? கிழக்கையே அளந்து கொடுத்துருவோமா?”

“இரட்டைப் பிள்ளையில ஒண்ணு காணாமப் போனா, இன்னொண்ணைக் காட்டிச் சமாளிப்பீங்களா அண்ணாச்சி?”

தளவாய் தலையைச் சொறிந்தார்.

“படத்தையெல்லாம் என்ன செஞ்சீங்க?”

“சுத்தம் பண்ணினேன். ஆளு, கடை, கரண்டுக் கம்பி எல்லாத்தையும் மொத்தமா அழிச்சாச்சு. முப்பது வருச ஸ்டுடியோப் பழக்கம். கோபுரம் மட்டும் பளிச்சுனு நிக்கும்.”

செங்கமலம் அப்படிச் சுத்தமான ஒரு படத்தைத் திரையில் வைத்தாள்.

“இது எந்த வாசல்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“சாமி சத்தியமாத் தெரியலை.”

“இந்த ஊர்லயே பிறந்த உங்களுக்குத் தெரியலை. கம்ப்யூட்டர் வெளியூரு.”

“கேலி பண்ணாதீங்க டீச்சர்.”

அவள் அதே படத்தை, அவர் அழிப்பதற்கு முன் இருந்தபடி திறந்தாள்.

தளவாய் நாற்காலியை முன்னால் இழுத்தார். படத்தின் ஓரத்தில் ஒரு பெண், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“மேற்கு,” என்றார்.

“எப்படி?”

“கையில பஜ்ஜி இருக்கே. சம்முகம் கடை மேற்கு வாசல்லதான். சாமி கும்பிட்டுட்டு வந்து தின்னுன்னு சொன்னேன், கேக்கலை.” குரல் இறங்கியது. “என் வீட்டுக்காரி. அவ காலமாகுறதுக்கு முந்தின தை. நான்தான் எடுத்து நெட்டுல போட்டேன்.”

செங்கமலம் படத்தின் அந்த ஓரத்தைப் பெரிதாக்கினாள்.

அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். “அப்போ கம்ப்யூட்டருக்கும் எந்த வாசல்னு தெரியணும்னா, அழிச்சதையெல்லாம் திரும்பக் கொண்டுவரணுமா? கோபுரத்தை மறைக்குமே?”

“முதல்ல அவங்களை அவங்க வாசல்ல நிக்க விடுங்க அண்ணாச்சி. கோபுரம் பக்கத்துல வந்து நின்னுக்கிடும்.”