தூங்குகிற தண்ணீர்

ஒரு காலத்திலே, பேர்கூட வைக்காத ஒரு கடற்கரையிலே, அன்றைக்கு இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: காத்தாயி, அவள் இடுப்பில் பிள்ளை, புருஷன் வீரப்பன், நாத்தனார் செங்கேணி, கிழட்டு நாட்டார், வலை பின்னும் அண்ணன் தம்பி மூன்று பேர், அவர்கள் பெண்சாதிமார் மூன்று பேர். நான்கு ஆட்டை விட்டால் பதினொரு பேர்.

அப்போது, ம் கொட்டுங்கள், பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தோப்பே நடந்து வருகிற மாதிரி ஒரு கப்பல் வந்தது. வந்து, ஒரு பரங்கிக் கப்பித்தானும், அவன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷியும், ஆட்களும் இறங்கினார்கள். இறங்கி, காத்தாயி மணலைக் கையால் பறித்துச் சிரட்டையில் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். கடலோரத்தில் இளநீராட்டம் தண்ணீர்! சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு பள்ளத்தில்தான் நல்ல தண்ணீர். கப்பித்தானுக்கு ஆசை வந்துவிட்டது. கப்பலில் பாரத்துக்குப் போட்டிருந்த செங்கல்லை இறக்கி, பள்ளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டான், தண்ணீர் இனி தனக்கே சொந்தம் என்று.

“ஒரு குடம் தண்ணிக்கு ஒரு கூடை மீன்!” என்று கூவினான் துபாஷி.

“நல்லா இருக்கே கூத்து! எம் பிள்ளை குடிக்க உனக்கு மீனா?” என்றாள் காத்தாயி. ஆனாலும் பிள்ளை அழுதது, கொடுத்தாள்.

கப்பித்தானுக்கு அதுவும் போதவில்லை. பீப்பாயெல்லாம் நிரப்ப ஓர் ஆள் மட்டம் கிணறு தோண்டினான். இனித்தது.

“போதும் சாமி. நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல படுத்துத் தூங்குது. எழுப்பாதீங்க,” என்றாள் காத்தாயி.

இரண்டாள் மட்டம் தோண்டினான். லேசாகக் கரித்தது.

“போதும் சாமி. புரண்டு படுக்குது. எழுப்பாதீங்க.”

“இவ தாலாட்டும் பாடுவா போல!” என்று துபாஷி சிரித்தான்.

மூன்றாள் மட்டம் தோண்டினான். அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் குபுக்கென்று எழுந்து உட்கார்ந்தது. பீப்பாய் முழுக்கக் கடல்; அத்தனையையும் கவிழ்த்துக் கொட்டினான்.

நாக்கு வறண்டு இரண்டு பேரும் காத்தாயியிடம் வந்தார்கள். “வேற தண்ணி இருக்கா தாயி?” துபாஷியின் குரல் இறங்கியிருந்தது.

“பள்ளத்தோரம், தாழைக்கடியில ஒரு முழ ஆழத்துல இன்னும் தூங்குது. சுவரை இடிங்க, கிணத்தைத் தூருங்க, வரிசையில நில்லுங்க.”

“யாருக்குப் பின்னால?”

“ஆட்டுக்குப் பின்னால.”

இடித்தார்கள், தூர்த்தார்கள், நின்றார்கள். குடித்த கையோடு கப்பித்தான் வெட்கப்பட்டுக் கப்பலேறி, துபாஷியோடு பனிக்குள் கரைந்துபோனான், வந்ததே கனவோ என்கிற மாதிரி. தண்ணீருக்குச் சுவர் வைத்தவன் காலிப் பீப்பாயோடு போனான். இடிந்த செங்கல்லில் அடுப்புக் கூட்டி அங்கேயே தங்கிவிட்ட கப்பல் ஆட்களும் சேர்ந்துதான் அது ஊராயிற்று. அந்தப் பதினொரு பேரோடு, கப்பலேறாமல் கரையில் மிஞ்சிய ஆட்கள், சரியாக ஒன்பது பேர்.