அடிகளுக்கு மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து ஐந்தாம் நாள். சிவக்கொழுந்து அடிகளுக்கு வலக்கையும் வலக்காலும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. முப்பது ஆண்டுகள் ஓயாமல் பேசிய வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "வேண்டாம்."

தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் "வேண்டாம்." முதுகு எரிகிறது, திருப்பிப் போடுங்கள் என்று சொல்லப் போனாலும் "வேண்டாம்." அடிகளுக்குத் தன் வாயின் மீதே கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீடர். தணிகாசலம் ஓய்வுபெற்ற தாசில்தார், குருவைவிட நான்கு வயது மூத்தவர். குரு எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிவிடுவார். இதையும் எழுதினார், தேதியும் நேரமும் போட்டு.

நர்ஸ் ஜெபராணி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஐயா, பசிக்குதா?"

"வேண்டாம்."

"பாத்தீங்களா சிஸ்டர்? சாமி எல்லாத்தையும் துறந்துட்டார்."

"வாய்வழியாக் கொடுக்கலாம்னு டாக்டர் எழுதி ரெண்டு நாளாச்சு. கஞ்சியைத் திருப்பி அனுப்புனது நீங்கதானா?"

"சாமி வாக்கும்மா. மீற முடியுமா?"

அட மடையா, என்று அடிகள் உள்ளுக்குள் கத்தினார். வெளியே வந்தது, "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்!"

தணிகாசலம் கண்கலங்கி மூன்றையும் எழுதிக்கொண்டார்.

ஜெபராணிக்கு இன்னும் இருபது கட்டில் பாக்கி. கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டுத் திரும்பியவள் நின்றாள். அடிகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்த ஐந்து நாளில் வந்தவர்கள் எல்லாம் ட்ரிப்ஸையும் படுக்கை விரிப்பையும்தான் பார்த்தார்கள், அவளும்கூட.

"ஐயா, வாய் சொல்றதை விடுங்க. கஞ்சி வேணும்னா என் விரலைப் பிடிங்க."

இடது கை பாய்ந்து பிடித்தது.

"யம்மா! மெதுவா, ஒடிஞ்சிரப் போகுது."

தலைமாட்டை உயர்த்தி அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். இடப்பக்கமாக ஒரு ஸ்பூன் கொடுத்து, விழுங்கும்வரை காத்திருந்தாள். பிறகு இன்னொன்று. அடிகளுக்குக் கண்ணீர் வழிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

தணிகாசலம் பதறிப்போய் நோட்டைப் புரட்டினார்.

"பதினாலு பக்கம் எழுதியிருக்கேனே. அப்ப இதுக்கெல்லாம் என்ன அர்த்தம், சாமி?"

அடிகள் இடது கையால் நோட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். ஜெபராணியிடமிருந்து ஸ்பூனை வாங்கினார். அதைச் சீடரின் கையில் வைத்து, வாயைத் திறந்தார்.